ஒரு பீட்டா, இரண்டு ஆல்ஃபா

என் மகள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, பொன்னேரியில் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்று நட்ட வயல்களிலிருந்து ஆவி எழும்பி ரயில்பாதை வரை வந்தது. நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, இன்னாடி கிளம்பலயா என்று கேட்டேன். கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஃபோனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி மாணவி ஆகி மூன்றாம் வருஷம். காய்ச்சலோடு போயிருக்கிறாள், பந்த் அன்றைக்குப் போயிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையைத் தவறவிட்டுப் போய் ஃபாதரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். போகாமல் இருந்ததில்லை.

அவள் எதை ஆராய்கிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எலி டாக்டர் என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். என் கணவர் இரும்பு உருட்டும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். யாராவது கேட்டால், எலிக்கு உள்ளார எதுக்கோ ரெண்டு மூக்கு கீதானு பாத்துக்கினு கீறா என்பார். அது அவ்வளவு தப்பான பதிலில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எனக்கு அவள் சொல்லித் தந்தது தோசைக்கல்லின் பக்கத்தில், துண்டு துண்டாக, பல காலைகளில். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின் தலையில் துண்டு போர்த்தியது போல ஓர் உறுப்பு இருக்கிறது. தைமஸ் என்று பெயர். பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருக்கும், வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். உனக்கு அங்க இப்ப வெறும் கொழுப்புதாம்மா மிச்சம் என்றாள். அங்க மட்டுமா என்றார் தட்டோடு உட்கார்ந்திருந்தவர். அவருக்கு அன்றைக்கு மூன்றாவது தோசை கிடைக்கவில்லை.

எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி வரும் இளம் செல்கள் இந்தத் தைமஸுக்குள் நுழைகின்றன. வரும்போது வெறுங்கையோடு வருகின்றன. உள்ளே வந்துதான் ஒவ்வொன்றும் தனக்கான ஏற்பியைச் செய்துகொள்கிறது. ஏற்பி என்றால் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, எதிரில் வருவது எது என்று தொட்டுப் பார்க்கும் கை. அந்தக் கைக்கு இரண்டு இழை: ஒன்று பீட்டா, ஒன்று ஆல்ஃபா. கடையில் வாங்கியதல்ல; செல் தன் மரபணுவையே துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, புதிதாகச் செய்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு விதமாக. இதைக் கேட்ட அன்று நான் ஸ்டேஷன் வரை நடந்ததே தெரியவில்லை. ஓர் உயிர் தன்னைத் தானே கத்தரித்துக்கொண்டு தன் கையைச் செய்துகொள்கிறது, அதுவும் என் நெஞ்சுக்குள், ஒரு காலத்தில், நான் பாவாடை கட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

எந்த மரபணுவும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. முதலில் பீட்டா. ஒரு பிரதியில் சரியான பீட்டா அமைந்துவிட்டால், அடுத்த பிரதிக்குப் பூட்டு விழுந்துவிடும். அதனால் ஒரு செல்லுக்கு ஒரு பீட்டாதான். அதன் பிறகு ஆல்ஃபா. இங்கே பூட்டு கிடையாது. இரண்டு பிரதியிலும் ஒரே சமயத்தில் கத்தரி ஓடுகிறது. இரண்டிலுமே ஆல்ஃபா அமைந்துவிட்டால், இருக்கிற ஒரே பீட்டா இரண்டு ஆல்ஃபாவோடும் சேர்ந்துகொள்ளும். ஒரு செல், இரண்டு விதமான கை. ஒரு செல்லுக்கு ஒரு ஏற்பி என்றுதான் கல்லூரியில் முதலில் பாடம் சொல்லுவார்கள். பாடத்தை மீறிய இந்தச் செல்கள்தான் என் மகளின் ஆராய்ச்சி.

கைகளைச் செய்தபிறகு பரீட்சை. தைமஸின் சுவர்போல நிற்கும் செல்கள் உடம்பின் சொந்தத் துணுக்குகளை ஏந்திக்கொண்டிருக்கும். அவற்றை இந்தக் கை கொஞ்சமாவது தொட வேண்டும். தொடவே முடியாத செல்லை யாரும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை. கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அது மூன்று நாலு நாளில் தானே போய்விடுகிறது. சொந்த உடம்பை இறுக்கிப் பிடிக்கிற செல்லை வைத்திருந்தால் நாளைக்கு அது நம்மையே தாக்கும். பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடுகிறார்கள். மெல்லத் தொட்டது பிழைக்கிறது. தொட்டுவிட்டேன் என்ற சேதி உள்ளே போனதும் கத்தரி நின்றுவிடும். சேதி வராத வரை கத்தரி ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொரு ஆல்ஃபா, இன்னொரு ஆல்ஃபா என்று. முதல் கை தோற்றவன் இரண்டாம் கையால் பிழைக்கலாம். வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளியே போவதே இல்லை என்றாள், தோசையைப் பிய்த்தபடி, பஸ் வராது என்று சொல்கிற குரலில்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அவள் எலியின் தைமஸை எடுத்துக் கசக்கி, செல்களைத் தனித்தனியாக்கி, ஒரு வகை ஆல்ஃபாவுக்குப் பச்சைச் சாயமும் இன்னொரு வகைக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றி, ஒரு கருவிக்குள் ஒவ்வொன்றாக ஓடவிடுவாள். பச்சையும் சிவப்பும் சேர்ந்து ஒளிரும் செல்கள் இரண்டு கைக்காரர்கள். இரண்டு வருஷமாக அவை அவளுக்கு நிறையக் கிடைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு கிடைத்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய பேராசிரியை அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அம்மா ஆய்வகத்துக்குள் வந்திருக்கிறார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளின் மேல், சின்னச் சின்ன டீ வடிகட்டி மாதிரி நைலான் வலைகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. கசக்கிய தைமஸை வடிகட்டும் வலைகள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டியவை. என் மகள் அவற்றை ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறாள். எவ்வளவு நாளா என்று கேட்டிருக்கிறார். முதல்லேர்ந்து என்றிருக்கிறாள் இவள், பாராட்டு வரும் என்று எண்ணி.

வலையில் ஒட்டிக் காய்ந்த மிச்சத்தில் புதுச் செல்கள் பட்டால் சில சாகும். செத்த செல் உடைந்து உள்ளிருக்கும் மரபணு நூல் வெளியே வரும். அந்த நூல் பசை மாதிரி. பச்சைச் செல் ஒன்றும் சிவப்புச் செல் ஒன்றும் அதில் ஒட்டிக்கொண்டு ஜோடியாகக் கருவிக்குள் போனால், கருவிக்கு அது ஒரே செல். பச்சையும் சிவப்பும் ஒளிரும் ஒரே செல். நீ ரெண்டு வருஷமா பாத்தது ஒட்டிக்கிட்ட ஜோடியா, இல்ல நிஜமாவே ரெண்டு ஏற்பி இருக்குற ஒரு செல்லான்னு உனக்கே தெரியாது என்று பேராசிரியை சொல்லிவிட்டார். கத்தவில்லையாம். கத்தியிருந்தால் பரவாயில்லை என்றாள்.

இன்னும் ஆறு வாரத்தில் ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் இந்தச் செல்கள் உண்மை என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தத் தலைப்பே போய்விடும், அதோடு அவள் ஆராய்ச்சியும். இதைச் சொல்லிவிட்டு, அப்பாகிட்ட சொல்லி சிப்காட்ல எந்த மருந்து கம்பெனிலயாவது தரம் பாக்குற க்யூசி வேலைக்குக் கேக்கச் சொல்லு என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் கழுவிக் காயப்போட்ட பால் கவர்கள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் எதையும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட்டதில்லை. என் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள். நான் கும்மிடிப்பூண்டி ஆலையில் இரும்பு வளையங்களைத் தடவிச் சோதிக்கிறவள். பால் கவரில் காய் கட்டிக்கொடுத்து, ஊறுகாய் பாட்டிலில் சர்க்கரை வைத்து, கழுவுனா போதும் எதுவும் புதுசுதான் என்று ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரிய ஆய்வகத்தில் செய்திருக்கிறாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் செய்யாதே என்றும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய ஒன்று என்று அங்கே எவருக்கும் தோன்றியிருக்காது.

அதைவிடப் பெரிய தப்பை நான் அடுத்த நிமிஷம் செய்தேன். என் வேலை இப்படிப்பட்டது. எஞ்சினுக்குள் போகும் காகிதம் போன்ற இரும்பு வளையங்கள் பிரஸ்ஸிலிருந்து எண்ணெயோடு விழும். எண்ணெய்ப் பசையில் இரண்டு ஒட்டிக்கொண்டால் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் நாங்கள் ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்போம். ஒன்றானால் நகராது, இரண்டானால் வழுக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் தேய்ந்து என் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷின் என்னை நம்புவதில்லை. அந்தப் பெருமையில் சொல்லிவிட்டேன்: "ஒட்டிக்கினு வர்றதுதானே, எங்ககிட்ட தினம் வருதுடி. ரிஜெக்ட் பின்ல போட்டுட்டு வேலைய பாக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரிஜெக்ட் பின்ல போட வேண்டியது என்னோட ரெண்டு வருஷம்மா."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் கும்மிடிப்பூண்டி வண்டியில், கவரைப்பேட்டை தாண்டும்போது வழக்கமாக ஏதாவது எழுத நோட்டை எடுக்கிற நான் எடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும் எதையோ போல இருக்கிறது என்று எழுதியே பழகிப்போன கை இது. வளையம் செல் போல, ஆலை தைமஸ் போல, கேட்டில் நின்று வேலை கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் அந்தக் கவனிக்கப்படாத செல்கள் போல. எழுத உட்கார்ந்தால் வரிசையாக வரும். ஆனால் வளையத்தை ரிஜெக்ட் தொட்டியில் போட்டால் யாரும் அழுவதில்லை. போல என்ற சொல்லின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்த நாட்கள் அவை.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார், ஒரு மருந்து கம்பெனியில் கேட்டேன், ஆள் எடுக்கிறார்கள், போட்டோவோடு வரச் சொன்னார்கள் என்று. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "ஒண்ணு சொல்றேன் நைனா. லோடு சரிஞ்சா வண்டிய விட்டு எறங்கி ஓட மாட்டோம். எறக்கி வச்சிட்டு திரும்ப அடுக்குவோம்" என்றார். பெண்ணை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார், ஆந்திர எல்லையோரத்துக்காரர். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினாள்.

புது வலைகளை வாங்கித் தந்து பேராசிரியை பக்கத்திலேயே நின்றாராம். முதலிலிருந்து மறுபடி. ஒரு வாரம் கழித்து ஃபோனில் இரண்டு படம் காட்டினாள். இரண்டும் புள்ளிகள். பழைய படத்தில் வலது மேல் மூலையில், பச்சையும் சிவப்பும் சேருமிடத்தில், ஈ மொய்த்தது போல ஒரு கூட்டம். புதுப் படத்தில் அந்த மூலை காலி. முழுக்கக் காலியில்லை. நாலைந்து புள்ளி அங்கங்கே, கூட்டம் கலைந்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பவர்களைப் போல.

"இவங்களும் ஒட்டினவங்கதானா?" என்றேன், இந்த முறை மெல்ல.

"அதான் தெரியணும்."

அதைத் தெரிந்துகொள்ளும் வழியை அவளே கண்டுபிடித்தாள். எங்கே என்றால் பொன்னேரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில், படி ஏறும்போது. நான் கூட இருந்தேன், மூச்சு வாங்கிக்கொண்டு. நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் கூடையால் இடித்துத் திட்டிக்கொண்டு போனார். அவளுக்குக் கேட்கவில்லை.

"ம்மா, பீட்டாவுக்குத்தான் பூட்டு கீதே."

ஆமாம் என்றேன், எனக்கு ஒன்றும் புரியாமல்.

ஓரமாக ஒதுங்கிக் கைப்பிடிச் சுவரில் விரலால் வரைந்து சொன்னாள். நிஜமாகவே ஒரே செல் என்றால் அதற்குள் ஆல்ஃபா இரண்டு இருக்கும், பீட்டா ஒன்றுதான் இருக்கும். இரண்டு செல் ஒட்டியிருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பீட்டாவைச் செய்துகொண்டு வந்தவை. இரண்டு பீட்டா இருக்கும். ஆகவே இரண்டு நிறமும் ஒளிரும் ஒவ்வொன்றையும் பிடித்து ஒரு தனிக் குழியில் போட்டு, உள்ளே எத்தனை பீட்டா என்று படிக்க வேண்டும். வெளியே எத்தனை நிறம் என்று இனிப் பார்க்க வேண்டியதில்லை. அது எப்படி வளர்ந்தது என்பதே அது ஒன்றா இரண்டா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவளால் சும்மா இருக்க முடியவில்லை. ரெண்டு பீட்டா இருந்து ஒண்ண படிக்காம விட்டுட்டா என்று கேட்டேன். கேட்டதும் பயந்தேன். அவள் சிரித்துவிட்டாள், அந்தச் செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவையாக. அதற்காகத்தான் ஒவ்வொரு குழியையும் இரண்டு தடவை படிக்கப் போகிறாளாம். பூட்டு தவறிப்போன செல்லும் மிக அபூர்வமாக இருக்கும், அதை ஒட்டிய ஜோடி என்று நினைத்துத் தவறாகத் தூக்கிப் போட்டுவிடுவாளாம். போனால் போகட்டும், தப்பாக ஒன்றைச் சேர்ப்பதைவிடச் சரியான ஒன்றை இழக்கலாம் என்றாள். அவள் வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. பாதிப் படியில் திரும்பிப் பார்த்து, "ரிசல்ட் வர்ற வரைக்கும் இத பத்தி எழுதாத" என்றாள். எழுதவில்லை.

பல எலிகளிலிருந்து அந்த அபூர்வப் புள்ளிகளைச் சேர்த்துக் குழிகளை நிரப்பி, படிக்க வெளியே அனுப்பி, காத்திருந்தாள். ஆய்வுக் குழுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. அன்றைக்கு எனக்கு அரை ஷிப்ட். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தால் அவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், முந்தானை வரை வியர்த்து. சென்னையிலிருந்து பொன்னேரியில் இறங்காமல் நேரே வந்திருக்கிறாள். முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வாங்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாதிக்கு மேல் குழிகளில் இரண்டு பீட்டா. ஒட்டிய ஜோடிகள். புது வலையிலும் அவ்வளவு. சில குழிகளில் எதுவுமே படிக்க முடியவில்லை. மிச்சம் ஏழு. அந்த ஏழிலும், முதல் தடவை படித்தாலும் இரண்டாம் தடவை படித்தாலும், ஒரே பீட்டா. இரண்டு ஆல்ஃபா.

"ஏழுதாம்மா."

"ஏழு நெஜமா?"

"நெஜம்."

வண்டி வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை. அந்த ஏழு செல்களை நான் பார்க்கப்போவதில்லை, அவையும் இப்போது இல்லை, படிப்பதற்காக உடைத்தாயிற்று. ஆனாலும் சுண்டெலிகளின் நெஞ்சுக்குள், இருட்டில், ஒரு கை பற்றாமல் இன்னொரு கையை நீட்டிய ஏழு பேர் இருந்தார்கள் என்பது எனக்கு யாரோ சொந்தக்காரர் ஊர் வந்து சேர்ந்த சேதி போல இருந்தது. போல என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

பிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். இரண்டு வருஷத்துப் பழைய படங்களையெல்லாம் ஆய்வுக் குழுவின் முன்னால் தானே நீக்கிவிடப் போகிறாள், வலைகளைக் கழுவியதையும் தன் வாயாலேயே சொல்லப் போகிறாள். அவள் அப்பா அன்று மாலை இதைக் கேட்டு, ஏழு நல்லது கிடைத்துவிட்டதே, பழைய கதையை ஏன் நீயே கிளப்புகிறாய் என்று வாதாடினார். எனக்கும் உள்ளுக்குள் அதுதான். பேராசிரியைக்கு மட்டும்தான் தெரியும், குழுவிலிருப்பவர்களுக்குத் தெரியாது, சொன்னால் விடுவார்களா. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொல்லலன்னா இந்த ஏழ யாரு நம்புவாங்க என்றாள் கடைசியில்.

குழு கூடிய நாளில் நான் லீவு போட்டு, ஆனால் அவளிடம் லீவு என்று சொல்லாமல், சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் நின்றேன். ஐந்தரை வண்டியில் வரவில்லை. ஆறேகாலில் வந்தாள். என்னைப் பார்த்து, இன்னாம்மா இங்க நிக்குற என்றாள். சும்மா என்றேன். சும்மா நிக்கிற மூஞ்சா இது என்றாள்.

பஜார் வழியாக நடந்தோம். வலை விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் கடுமையாகவே பேசினாராம், இது பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் செய்யாத தவறு என்று. பேராசிரியை குறுக்கிட்டு, அந்த வலையை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றாராம். பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதானவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த ஏழையும் காட்டும்மா என்றாராம். காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு குழியாக, இரண்டு ஆல்ஃபாவையும் அவர் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாராம். பழைய படங்கள் வெளியே, தலைப்பு உள்ளே. இன்னும் ஒரு வருஷம் தந்திருக்கிறார்கள்.

நான் அவள் கையைப் பற்றினேன். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. ஏற்கெனவே அடுத்ததற்குப் போய்விட்டாள். அந்த ஏழின் ஆல்ஃபாக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பழைய பீட்டாவோடு புதுச் செல்லில் வைத்து, தைமஸில் எந்தக் கை அந்தச் செல்லைப் பிழைக்க வைத்தது என்று கேட்கப் போகிறாளாம். ஒரு கை பரீட்சையில் தேறி, மற்றது பரீட்சையே எழுதாமல் அதன் முதுகில் ஏறி வெளியே வந்திருக்கலாம். வெளியே வந்த பிறகு அது காய்ச்சலோடு சண்டை போடுமா, சொந்த உடம்பையே கடிக்குமா, யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. இரண்டுமே நடக்கலாம்.

"ரெண்டு கையுமே பாஸ் ஆகலன்னா?" என்று கேட்டேன், ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கியபடி.

அவள் யோசித்தாள். பூக்கடைக்காரர் முழம் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"அப்ப அது எப்படி உசிரோட கீதுன்னு கேக்கணும்" என்றாள். சொன்ன வேகத்தில் நடையையும் கூட்டிவிட்டாள். என் முட்டிக்கு அந்த வேகம் ஆகாது. இருந்தாலும் பின்னாலேயே போனேன், கேட்க இன்னும் இரண்டு கேள்வி இருந்தது.